குப்பைமேட்டிலும் ஒரு விளக்கு

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். மழை விட்டுவிட்டுப் பெய்யும், வாடைக்காற்று வீசும், மாலை விரைந்து இருளும். இக்காலத்தின் பிற்பகுதியில், கார்த்திகைத் திங்களில் முழுநிலவு கார்த்திகை விண்மீனை ஒட்டி வரும் நாளில், தமிழர் தம் வீடெங்கும் அகல்விளக்குகளை ஏற்றுகின்றனர். இதனை விளக்கீடு என்றும் கூறுவர். இது மிகப் பழைய விழா. அகநானூற்றுப் பாடல் ஒன்று இதனைக் குறிப்பிடுகிறது. திருஞானசம்பந்தரும் மயிலாப்பூரில் நிகழ்ந்த விளக்கீட்டைப் பாடியுள்ளார்.

திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் பெருந்தீபத்தை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். இப்பாடம் அதனைப் பற்றியதன்று. வீட்டில் ஏற்றப்படும் சிறிய அகல்களைப் பற்றியது.

புதிய அகல்களை முதலில் நீரில் ஊறவைத்து, பின்பு உலர்த்துவர். இல்லாவிடில் மண் எண்ணெயைக் குடித்துவிடும். பஞ்சைத் திரியாகத் திரிப்பது பெரும்பாலும் சிறுவர் வேலை. இருள் சூழத் தொடங்கியதும் விளக்குகள் ஒவ்வோர் இடமாகச் செல்லும். வாசல், திண்ணை, மாடம் ஆகிய இடங்களில் வைப்பதை எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சிற்றூர்களில் அகல்கள் அங்கே நின்றுவிடுவதில்லை. அடுப்பங்கரையில் ஒன்று, ஆட்டுக்கல்லின் அருகில் ஒன்று, நெற்குதிரின் முன்னே ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மாட்டுத்தொழுவத்தில் ஒன்று. சில ஊர்களில் குப்பைமேட்டிலும் விளக்கு வைப்பர். அதற்குக் குப்பைக் கார்த்திகை என்றே பெயர்.

குப்பைக்கு எதற்கு விளக்கு என்று நீங்கள் வியக்கலாம். உழவர் வீட்டுக் குப்பைமேடு என்பது சாணமும் சருகும் சாம்பலும் சேர்ந்து மக்கும் இடம். அந்த எருவே வயலுக்குச் செல்லும். வயலிலிருந்து நெல் வீட்டுக்கு வரும். அவ்வாறாயின், சோறு தொடங்கும் இடங்களுள் குப்பைமேடும் ஒன்று.

தமிழ்க் குடும்பங்களில் ‘நன்றி’ என்னும் சொல் அடிக்கடி ஒலிப்பதில்லை. பாட்டி சோறு பரிமாறும்போது அவரிடம் “நன்றி” என்று கூறிப் பாருங்கள், அவர் சிரித்துவிடுவார். பழந்தமிழில் நன்றி என்பதற்கு ‘நன்மை’ என்பதே பொருள். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். அதாவது, பிறர் நமக்குச் செய்த நன்மையை அறிந்திருத்தல். வாயால் கூறுவதைவிட அறிந்திருத்தலே முதன்மையாகக் கருதப்பட்டது. தொழுவத்து மாட்டுக்கும் கிணற்றுக்கும் நாம் சொல்லும் சொல் விளங்காது. ஆயினும் அங்கே விளக்கு வைத்தவர் அறிந்திருக்கிறார்.

உடன்பிறந்தாரை நினைக்கும் நாளாகவும் இது விளங்குகிறது. பல குடும்பங்களில், மணமாகிச் சென்ற அக்காள் தங்கையருக்கு அண்ணன் தம்பியர் கார்த்திகைச் சீர் அளிப்பர். வடநாட்டில் உங்கள் தோழர் வீடுகளில் பாய் தூஜ் கொண்டாடுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அன்றைய பலகாரம் பொரியுருண்டை. வெல்லப்பாகு காய்ச்சும்போது, கிண்ணத்து நீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பர். அது கரையாமல் விரலால் உருட்ட வந்தால் பதம் சரி. பின்னர்ப் பொரியைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். நெற்பொரி கிடைக்காத நகரங்களில் கடைகளில் முர்முரா என விற்கும் அரிசிப்பொரியே போதும். சுவை சற்று மாறும். உருண்டை எஞ்சியிருக்கப் போவதில்லை.

“தீபாவளி முடிந்த பின்பும் ஏன் விளக்கு?” என்று அண்டை வீட்டார் கேட்கக்கூடும். வடநாட்டார் பலர் திங்களை நிலவைக் கொண்டு கணிக்கின்றனர். தமிழர் ஞாயிற்றைக் கொண்டு கணிக்கின்றனர். ஆகவே இரு கணக்குகளும் சில ஆண்டுகளில் நெருங்கும். சில ஆண்டுகளில் விலகும். 2023 ஆம் ஆண்டில் நம் விளக்கீடு நவம்பர் 26 அன்றும், குருநானக் பிறந்தநாள் மறுநாளும் வந்தன. 2024 இல் குருநானக் பிறந்தநாள் நவம்பர் 15 அன்று வந்தது. விளக்கீடோ டிசம்பர் 13 அன்றே வந்தது.

நான்காம் தளத்தில் குடியிருக்கும் உங்கள் வீட்டில் கிணறும் இல்லை, தொழுவமும் இல்லை. அதனால் பலரும் வாசலில் இரண்டு அகல்களை வைத்து முடித்துக்கொள்கின்றனர். அழகாகத்தான் இருக்கிறது; எனினும் வழக்கத்தின் பாதி அதில் இல்லை. கிணற்றடிக்கு உரிய விளக்கு இன்று குடிநீர்க் குழாயருகே இருப்பதில் தவறேதும் இல்லை. அரிசி டப்பாவின் முன்னே ஒன்று வைக்கலாம். திரைச்சீலையும் எரிவாயு உருளையும் அருகில் இல்லாதவாறு பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். இரவு முழுவதும் வாயிலில் அமர்ந்திருக்கும் காவலாளியும் தம் ஊரைவிட்டு வந்தவராக இருக்கக்கூடும். அவரது மேசைக்கு ஒரு விளக்கும் இரண்டு பொரியுருண்டைகளும் செல்லட்டும்.

சொற்பொருள்
மாடம் – விளக்கு வைப்பதற்காகச் சுவரில் அமைந்த குழி
குதிர் – நெல் சேமிக்கும் பெரிய கலன்
பதம் – சமையலில் ஏற்ற பக்குவம்

பயிற்சி
1. குப்பைமேட்டில் விளக்கு வைப்பதன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
2. உம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் பேசி, அவர்கள் ஊரில் எந்தெந்த இடங்களில் விளக்கு வைத்தனர் எனக் கேட்டு எழுதுக.
3. உம் வீட்டில் ஐந்து விளக்குகளை எங்கெங்கு வைப்பீர்? ஒவ்வோர் இடத்திற்கும் காரணம் கூறுக.