இயங்குபடமும் இணையவழிக் கல்வியும்

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, பெருமுக்கல் போன்ற சிற்றூர்களிலும் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. தொற்றுத் தணிந்த பின்னும் அவ்வழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளம், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலி எனப் பாடங்கள் திரைவழியே வந்தவண்ணம் உள்ளன. இவற்றுள் மணற்கேணி, அனிமேஷன் எனப்படும் இயங்குபடங்களைப் பெரிதும் நம்பி எழுந்தது. படம் அசைந்தால் பாடம் விளங்கிவிடுமா? கண்ணைக் கவரும் திரையமைப்பு கல்வியை வளர்க்குமா? வீட்டுக்கொரு கைப்பேசி, நாளொன்றுக்கு இவ்வளவு என அளந்து கிடைக்கும் டேட்டா என்னும் நிலையில் படிக்கும் மாணவர்க்கு, பயனற்ற அசைவு ஒவ்வொன்றும் செலவேயாகும். ஆதலின் இவ்வினாவைச் சற்று விரிவாக நோக்குவோம்.

அமெரிக்க உளவியலறிஞர் பார்பரா ட்வெர்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் 2002இல் இதுபற்றிய முந்தைய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். இயங்குபடம் வென்றதாகக் கூறப்பட்ட ஆய்வுகள் பலவற்றில், அசையாப் படத்தில் இல்லாத செய்திகள் இயங்குபடத்தில் கூடுதலாக இருந்தமையை அவர்கள் எடுத்துக்காட்டினர். அங்ஙனமாயின் வென்றது அசைவன்று, கூடுதற் செய்தியே எனலாம். பின்னர் 2007இல் ஹோஃப்லர், லாய்ட்னர் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் 26 ஆய்வுகளிலிருந்து 76 ஒப்பீடுகளைத் தொகுத்து நோக்கினர். இயங்குபடத்திற்கு ஓரளவு ஏற்றம் உண்டு என்பது அவர்தம் முடிபு. கையால் செய்யும் வேலைகளைக் கற்பிக்கையில் அவ்வேற்றம் மிகுதி. அழகுக்காகச் சேர்த்த அசைவில் பயன் காணப்படவில்லை.

இதனை நம் வட்டாரத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பெருமுக்கல் மலைக் குகையில் தொல்பழங்காலப் பாறைக் கீறல்கள் உள்ளன. அவற்றைப் பற்றிய வரலாற்றுப் பாடத்திற்கு வேண்டுவது தெளிவான நிழற்படம் ஒன்றே. மாணவன் ஒரு கோட்டிலிருந்து மற்றொரு கோட்டிற்குக் கண்ணை மெல்ல நகர்த்தி, வேண்டுமிடத்தில் பெருக்கிப் பார்க்கவேண்டும். அப்படத்தைச் சுழலவிட்டுப் பின்னணி இசையும் சேர்த்தால் பார்வை சிதறுமேயன்றி வேறு பயனில்லை. திருவக்கரைக் கல்மரங்களின் செய்தி வேறு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரங்கள் மண்ணுள் புதைந்து, மரத்தின் நுண்ணறைகளில் சிலிக்கா படிந்து கல்லாயின. மனிதக் கண் காணமுடியாத இம்மாற்றத்தை இரண்டு நிமிடத்தில் காட்ட இயங்குபடத்தால் இயலும். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் குழாயைத் திருகும் விரலசைவும் அத்தகையதே. எத்தனை பக்கம் எழுதினாலும் அது விளங்காது.

ஆயின் அசைவுக்கு ஒரு குறை உண்டு. புத்தகத்திலுள்ள படம் நமக்காகக் காத்திருக்கும். திரையில் ஓடும் படம் காத்திராது. முன் காட்சியை மனத்தில் வாங்குமுன் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர், சாண்ட்லர் என்பாருடன் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. மின்னல் உண்டாகும் விதத்தை விளக்கும் இயங்குபடத்தை 16 கூறுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் மாணவரே பொத்தானை அழுத்தித் தொடருமாறு செய்தனர். அவ்வாறு தம் போக்கில் கற்றவர்கள், நினைவிலிருந்து ஒப்பிக்கும் வினாக்களில் அன்று, சிந்தித்து விடை காணும் வினாக்களில் சிறந்து விளங்கினர். அவ்வொரு பொத்தானுக்கு ஆன செலவு எவ்வளவு இருக்கும்!

திரையமைப்பிற்கும் இது பொருந்தும். மின்னும் பதக்கங்களையும் பறந்துவரும் எழுத்துகளையும் கண்டு, ‘நவீனம்’ என மயங்குகிறோம். பெரிய தமிழெழுத்து, நிறுத்தவும் பின்செல்லவும் எளிய வசதி, பாடத்தின் எழுத்து வடிவைப் பதிவிறக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவையே சிறு திரையில் படிப்பவர்க்கு இன்றியமையாதவை. மேலும் ஓர் ஆபத்து: சரளமாக ஓடும் பாடம், கற்றுவிட்டோம் என்னும் எண்ணத்தைத் தந்துவிடும். 2013இல் கார்ப்பென்டர் முதலானோர் ஒரே செய்தியைத் தங்குதடையின்றி விளக்கும் காணொளியையும், தடுமாறி விளக்கும் காணொளியையும் மாணவர்க்குக் காட்டினர். முன்னதைப் பார்த்தோர் மிகுதியாகக் கற்றதாக நம்பினர். தேர்விலோ பெரிய வேறுபாடு இல்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகளில் அலங்காரம் குறைவு. ஆயினும் பொறியியல் மாணவர் அவற்றைத் தேடிச் சென்று பார்க்கின்றனர்.

தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த இடம் நம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். அத்திட்டம் நம்பியது திரையை அன்று, மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களை.

இனி நம் கல்லூரியில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. திருவக்கரைப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினர்க்கு ஆறு படங்களும் விளக்கவுரையும், மற்றொரு பிரிவினர்க்கு அதே விளக்கவுரையோடு இயங்குபடமும் தரலாம். செய்தி இரண்டிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரே வினாத்தாளைக் கொடுத்து விடைகளை ஒப்பிடலாம். புவியியல், கணினித் துறைப் பேராசிரியர்கள் இசைந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.