மீன்தொட்டியில் பிஎச் இறங்கினால் பதறாதீர்கள்

எதிர்வீட்டு அண்ணனின் இரண்டடித் தொட்டியில் பிஎச் 6-க்கு இறங்கியிருந்தது. மீன்கள் சோர்ந்திருந்தன, ஆனால் ஒன்றும் சாகவில்லை. அவர் கடையில் பிஎச் ஏற்றும் திரவம் வாங்கிவந்து, சொன்ன அளவுக்கு மேல் இரண்டு மூடி சேர்த்து ஊற்றினார். சாயங்காலம் பிஎச் 7.6. விடிந்தபோது ஒன்பது கப்பிகள் மிதந்தன.

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு கிட் வாங்கும்போது பிஎச்சோடு கேஎச், அம்மோனியா இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். காகிதப் பட்டைகளை நான் நம்புவதில்லை. கேஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலத்தை தினமும் விழுங்கிக்கொண்டு பிஎச்சைத் தாங்கிப்பிடிப்பது கேஎச்தான். அது 4 டிகிரி இருக்கும்வரை பிஎச் அவ்வளவாக அசையாது. 1-க்குக் கீழே போனால் மளமளவென்று சரியும்.

நான் சென்னையில் பார்த்த சரிவுகளில் முக்காலே மூணு வீசம் சமையலறை ஆர்.ஓ.வால் வந்தவை. போர் தண்ணீரின் உப்புக்குப் பயந்து, குடிக்கிற தண்ணீரையே தொட்டிக்கும் ஊற்றுகிறோம். அதில் கேஎச் ஏறக்குறைய பூஜ்யம். மழைநீரும் அப்படித்தான். தொட்டியில் போட்ட மரக்கட்டை மீதும் வாதாம் இலை மீதும் பழி போடுமுன் இதைப் பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரில் ஏர் பம்ப் குழாயை ராத்திரி முழுக்க விட்டுவையுங்கள். காலையில் பிஎச் நன்றாக ஏறியிருந்தால் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது. இன்னொரு ஏர் ஸ்டோன் போடுங்கள், வேலை முடிந்தது. ஏறவில்லையா? கேஎச்தான் காலி.

எல்லோரும் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். பிஎச் 6-ஐ நெருங்கும்போது பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அந்தப் புளித்த தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும், மீனை அவ்வளவாகத் தாக்காது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவம் சுமார் பத்து மடங்காகும். இரண்டு புள்ளி ஏறினால் கிட்டத்தட்ட நூறு மடங்கு. சாதாரண கிட் இரண்டு வடிவங்களையும் கூட்டியே காட்டும் என்பதால், முதல் நாள் காட்டிய அதே நிறத்தையே மறுநாளும் காட்டும், மீனோ செத்துக்கிடக்கும். அண்ணன் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே அம்மோனியாவை முதலில் இறக்குங்கள், பிஎச் காத்திருக்கட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். மீன் தாங்கிக்கொள்ளும், வீட்டுப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதுதான் பாடு. கூழாங்கல்லுக்கு அடியிலுள்ள கசடை சைஃபனால் உறிஞ்சி எடுங்கள். காலையும் மாலையும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இந்தச் சில நாட்களுக்கு மட்டும் ஊற்ற வேண்டியது அதே ஆர்.ஓ. தண்ணீர். சிரிக்காதீர்கள். போர் தண்ணீரை இப்போது ஊற்றினால் பிஎச் எகிறும், ஆர்.ஓ. தண்ணீர் பிஎச்சைக் கிளப்பாமல் அம்மோனியாவை மட்டும் குறைக்கும்.

அம்மோனியா 0.25-க்கு இறங்கிய பிறகு ஆப்ப சோடாவை எடுங்கள். பேக்கிங் பவுடர் கூடாது, சலவை சோடா கூடாது, வெற்றிலைச் சுண்ணாம்பு கூடவே கூடாது. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் 1 டிகிரி ஏறும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல் போகச் சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு ஒன்றரை கிராம். முதல் டிகிரியில்தான் பிஎச் அதிகம் தாவும் என்பதால் அந்த ஒன்றரை கிராமை மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு மக்கு தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். இதே போலத் தொடர்ந்து, கேஎச் 3 வந்ததும் நிறுத்துங்கள். பிஎச் 6.8-ல் நின்றாலும் 7.4-ல் நின்றாலும் விட்டுவிடுங்கள். டெட்ராவுக்கு 6.5 கூடப் போதும். மோலியும் கோல்டு ஃபிஷ்ஷும்தான் இன்னும் கொஞ்சம் கேட்கும்.

பிறகு வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்: பாதி போர், பாதி ஆர்.ஓ. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கி மறக்காதீர்கள். கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்துவிடுவது என் பழக்கம். தண்ணீர் புளித்தால் அது வேகமாகக் கரையும், சரியானால் தானே மெதுவாகிவிடும். கடைத் திரவத்துக்கு இந்த அறிவு கிடையாது. அது மிச்சமிருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.