சுமை பகிரும் கோபுரங்கள்

2025ஆம் ஆண்டு சனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகா கும்பமேளா நடைபெற்றது. கங்கையும் யமுனையும் கூடும் துறையில் கோடிக்கணக்கான மக்கள் நீராடினர். அத்தகைய கூட்டத்தில் சிறுமி ஒருத்தி தன் பாட்டியைத் தவறவிட்டாள் எனக் கொள்க. அவள் அலைபேசியில் பாட்டியை அழைக்கிறாள். அழைப்புச் செல்லவில்லை. கோபுரமோ கண்ணெதிரே நிற்கிறது. திரையில் அலைக்குறியும் முழுமையாகத் தெரிகிறது. பிறகு தடை யாது?

ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட அளவு பேச்சையும் தரவையும் மட்டுமே சுமக்க இயலும். அலைக்குறி, அலையின் வலிமையைக் காட்டும். கோபுரத்தில் இடம் உள்ளதா என்பதைக் காட்டாது.

தொடர்வண்டி நிலையத்தில் ஒரு பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நீண்ட வரிசை நிற்கிறது. அடுத்த சாளரத்தில் இருவரே உள்ளனர். அப்போது வரிசையின் கடைசியில் நிற்போர் அங்கே நகர்வர். கோபுரங்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அண்டைக் கோபுரங்கள் தத்தம் சுமையை ஒன்றுக்கொன்று தெரிவிக்கின்றன. அலைபேசியும் சுற்றியுள்ள கோபுரங்களின் அலைவலிமையை அளந்து, தான் இணைந்துள்ள கோபுரத்துக்கு அறிவிக்கிறது. சுமை மிகுந்த கோபுரம், தன் எல்லையோரத்து அலைபேசிகளுள் சிலவற்றைச் சுமை குறைந்த அண்டைக் கோபுரத்திடம் ஒப்படைக்கிறது. இதற்குக் கைமாற்றம் என்று பெயர். பேசிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இதனை உணர்வதில்லை.

இதற்கும் ஓர் அளவு உண்டு. எல்லையைக் கடந்து மிகுதியாக நகர்த்தினால், அலை வலிமை குன்றிப் பேச்சு அறுந்துவிடும். அண்டைக் கோபுரங்களும் நிரம்பிவிட்டால் பகிர்ந்துகொள்ள இடமிராது. ஆகவே பெருங்கூட்டம் கூடும் இடங்களில், ஊர்திகளில் பொருத்திய நடமாடும் கோபுரங்களை முன்கூட்டியே நிறுத்துவர். கும்பமேளாவிலும் அவ்வாறே நிறுத்தினர்.

எல்லையோரத்தில் இருப்பவர் சற்று வலிமை குறைந்த அலையைப் பெறுகிறார். ஆயினும் அவர் பேச்சு நின்றுவிடுவதில்லை. அவர் விட்டுச்சென்ற இடத்தில், சிறுமியின் குரல் பாட்டியைச் சென்று சேர்கிறது.

சொற்பொருள்
துறை – ஆற்றில் இறங்கி நீராடும் இடம்
சாளரம் – சன்னல்
அண்டை – பக்கத்தில் உள்ள
தத்தம் – தங்கள் தங்கள்
குன்றி – குறைந்து

பயிற்சி
1. அலைக்குறி முழுமையாகத் தெரிந்தும் அழைப்புச் செல்லாதது ஏன்?
2. கைமாற்றம் என்பது யாது? எந்த அலைபேசிகள் கைமாற்றப்படுகின்றன?
3. நடமாடும் கோபுரங்கள் எப்போது தேவைப்படுகின்றன?
4. பிரித்து எழுதுக: கண்ணெதிரே, பெருங்கூட்டம்.
5. நீவிர் வாழும் ஊரில் மக்கள் பெருந்திரளாகக் கூடும் விழா ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.