நீர்மூழ்குவோரும் செவிநோயும்

திருக்கோணமலைச் சுவாமிமலையின் அடிவாரத்திலே, 1956ஆம் ஆண்டில், ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து மூழ்கிப் பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்ட செய்தியை நம்மவர் பலரும் அறிவர். அதற்கு நெடுங்காலம் முன்னரே மன்னார்க் கடலில் கல்லின் துணைகொண்டு இறங்கி முத்துக் குளித்தோர் இருந்தனர். இக்காலத்திற் சங்கும் கடலட்டையும் எடுப்போரும், நிலாவெளிப் புறாத்தீவின் அயலிலே பவளப்பாறை காண விழையும் இளைஞரும் சிலிண்டருடன் மூழ்குகின்றனர். இவர்களுள் இடையில் நின்றுவிடுவோர் பலரைத் தடுப்பது சுறாவன்று, செவியே. ஆதலின் அதனைப்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

மூழ்குவோர்க்கு வருஞ் செவிநோயெல்லாம் ஒன்றெனக் கொள்வது பெரும்பிழை. செவிப்பறைக்குப் புறத்தே உண்டாவது ஒன்று. அகத்தே உண்டாவது மற்றொன்று. இரண்டிலும் வலியுண்டு, மருந்து வேறு.

முதலிற் புறச்செவியை நோக்குவோம். வெளியிலிருந்து செவிப்பறைவரை செல்லுங் குழாய் ஏறக்குறைய இரண்டரைச் சதமமீற்றர் நீளமுடையது. நாம் அழுக்கென்று வெறுக்குங் குறும்பியே அதன் காவலன். அது நெய்ப்பசையுடையதாதலால் நீரை விலக்கும்; சிறிது அமிலத்தன்மையுடையதாதலாற் பற்றீரியாக்களைப் பெருகவிடாது. நாள்தோறும் பலமுறை மூழ்குங்கால் இக்காப்பு கழுவப்பட்டுத் தோல் ஊறி மெலிகின்றது. அவ்வேளையில் ஒரு கீறல் விழுமாயின் சூடோமோனாசு முதலிய பற்றீரியாக்கள் உட்புகுந்து பெருகும். அக்கீறலைப் பெரும்பாலும் நாமே உண்டாக்குகின்றோம். பஞ்சுக்குச்சி, கோழியிறகு, ஊசி, பேனை மூடி என எம்மவர் காதில் விடாத பொருள் அரிது! நீர் வடியவில்லையென்று குடைவோர் நோயை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

இந்நோய் தினவாகத் தொடங்கும். பின்னர்க் காதுமடலை இழுத்தாலும் துளையின் முன்னுள்ள சிறு மேட்டை அழுத்தினாலும் வலி மிகும், நீர் கசியும், குழாய் வீங்கிக் கேள்வி மந்தமாகும். மடலை இழுக்க வலிப்பதே இதனை நடுச்செவி நோயினின்றும் பிரித்தறிதற்கு எளிய குறியாகும்.

தடுக்கும் வழி கடினமன்று. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையினர் தம் மூழ்குநர்க்கு விதித்துள்ள முறை இது: அலுமினியம் அசற்றேற்றுக் கரைசலில் நூற்றுக்கு இரண்டு பங்கு அசற்றிக்கமிலஞ் சேர்ந்த துளிமருந்தை, காலையும் மாலையும் ஒவ்வொரு மூழ்கலின் பின்னும், தலையைச் சாய்த்துச் செவி நிறைய விட்டு, ஒவ்வொரு செவிக்கும் ஐந்து நிமிடம் வைத்திருத்தல். ஐந்து நிமிடமென்பதைக் கடிகாரத்தைப் பார்த்தே அளத்தல்வேண்டும். விட்டவுடன் தலைநிமிர்த்துவோர்க்குப் பயனில்லை. செவிப்பறையில் துளையுடையோரும், முன்னரே வலி தொடங்கியோரும் இதனைத் தாமாக விடுதலாகாது.

நோய் வந்துவிடின் நீரைவிட்டு நீங்குதலே முதல் மருந்து. வைத்தியர் குழாயைத் துப்புரவாக்கி, நுண்ணுயிர்க்கொல்லியும் வீக்கந் தணிப்பதுஞ் சேர்ந்த துளிமருந்தை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குத் தருவர். வலிக்குப் பரசிற்றமோல் போதும். சாதாரண நிலையில் விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படுவதில்லை. துளிமருந்திலுங் குணமாகாது தினவே மிகுமாயின் பங்கசு பற்றியிருத்தல் கூடும். அதற்கு வேறு மருந்துண்டு. நீரிழிவுடையோர் இவ்வலியை ஒருநாளும் அலட்சியஞ் செய்தலாகாது. அவர்களில் நோய் எலும்புவரை பரவி உயிருக்கே ஊறு செய்யும்.

இனி நடுச்செவி. கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கங் கூடுகின்றது. போயிலின் விதிப்படி, முதற் பத்து மீற்றரிலேயே நடுச்செவிக் காற்றின் கனவளவு பாதியாகக் குறைய முயலும். ஆழத்தினும் மேற்பரப்பருகே ஊறு மிகுதியாவதன் காரணம் இதுவே. தொண்டையிலிருந்து ஊத்தேக்கியாவின் குழாய் வழியே காற்றுச் செல்லாவிடிற் செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். குருதியும் நீருங் கசியும். ஈற்றிற் பறை கிழியவுங் கூடும். கசிந்து தேங்கிய நீரிற் பின்னர்ச் சீழ் பிடித்தலும் உண்டு.

ஆகவே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுதலையோ விழுங்குதலையோ நீரில் இறங்குமுன்னரே தொடங்கி, ஒவ்வொரு மீற்றருக்குஞ் செய்தல்வேண்டும். வலித்தபின் செய்வோம் என்பது தவறு. அமுக்க வேற்றுமை மிகுந்தபின் குழாய் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அப்போது வலிந்து ஊதினால் உட்செவி பழுதாகும். சற்று மேலேறி மீண்டும் முயல்க. இயலாவிடிற் கரைக்குத் திரும்புக. தடிமன் உள்ள நாளில் மூழ்கலாகாது. மூக்கடைப்பு மருந்தெடுத்து இறங்குவோர், அதன் வலி கீழே தீர்ந்துவிடின், மேலேறும்போது காற்று வெளியேற வழியின்றித் துன்புறுவர். செவியை அடைப்பானால் அடைத்து மூழ்குதலும் ஆகாது. அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவே சிறைப்பட்ட காற்றும் அதே கேட்டை விளைக்கும்.

எமக்கு அறிமுகமான இளைஞரொருவர் தடிமனுடன் இறங்கினார். நண்பர் முன் பின்வாங்க நாணி, வலியைப் பொறுத்துக் கீழே சென்றார். திடீரென வலி நீங்கிற்று. உடனே கடலே சுழல்வதுபோலத் தலைசுற்றிற்று. கிழிந்த பறையினூடு குளிர்நீர் உட்புகுந்தமையே காரணம். தோழர் கைபிடித்து மேலேற்றியிராவிடின் என்னாகியிருக்கும்? வீட்டார் அன்பினாற் காய்ச்சிய நல்லெண்ணெயும் உள்ளிச்சாறும் விட முனைந்தனர். நல்லவேளையாக அவர் இசையவில்லை. கிழிந்த பறைக்கு எண்ணெயும் நஞ்சே; வைத்தியர் துளிமருந்திலும் நடுச்செவிக்குத் தீங்கிழையாததையே தேர்வர்.

மூழ்கியெழுந்தபின் கேள்வி குறைந்தாலோ, செவியில் இரைச்சல் எழுந்தாலோ, தலைசுற்றல் நீங்காதிருந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல்வேண்டும். அது உட்செவிக் காயமாகலாம். அமுக்கக் குறைவால் வரும் நோயுமாகலாம். சிறு கிழிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே மூடும். எனினும் பறை முற்றும் மூடியதையும் காற்று இலகுவாகச் சென்று வருவதையும் வைத்தியர் நோக்கி உறுதிசெய்த பின்னரே மீண்டும் நீரில் இறங்கலாம்.