மூன்று பேர், மூன்று விதம்: பாரபட்சம் ஆகுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் ஓவர்லாக் தைத்தேன். இப்போது லைன் சூப்பர்வைசர். புதிதாக வந்த பெண் ஆசையாகத் தைக்கிறாள், ஆனால் பாதி பீஸ் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள அக்கா ஒருவருக்குப் பழைய ஆர்வம் இல்லை. ஒரு தம்பி நன்றாகத் தைப்பான், இருந்தாலும் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓடி வருவான். மூவரையும் ஒரே மாதிரி நடத்தினால் வேலை நகரவில்லை. ஆளுக்கொரு விதமாக நடத்தினால் பாரபட்சம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கூலி, லீவு, மரியாதை மூன்றும் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். அதில் வித்தியாசம் காட்டினால்தான் பாரபட்சம். சொல்லிக்கொடுப்பதும் கண்காணிப்பதும் ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி மாறத்தான் வேண்டும்.

பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1969இல் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். அதன் சாரம் இரண்டே கேள்விகள்: இந்த வேலை இவருக்குத் தெரியுமா? செய்ய மனமும் துணிவும் இருக்கிறதா?

புதுப் பெண்ணுக்கு மனம் இருக்கிறது, கை பழகவில்லை. "கவனமாகத் தை" என்றால் அவளுக்கு எதுவும் புரியாது. கழுத்து ரிப் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிப் கழுத்தளவைவிடச் சிறியது. அதை மட்டும் சீராக இழுக்க வேண்டும், பாடித் துணியை இழுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும். இதை உங்கள் கையால் தைத்துக் காட்டுங்கள். பிறகு அவள் தைக்கும் முதல் பத்து பீஸையும் உடனுக்குடன் பாருங்கள்.

தம்பிக்குத் தொழில் தெரியும், துணிவுதான் குறைவு. அவன் கேட்டு வந்தால், "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் அப்படியே செய்யச் சொல்லுங்கள். சில நாளில் ஒரு பண்டலை முழுதாக அவன் பொறுப்பில் விட்டு, முடிந்ததும் மட்டும் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: புதியவர், தேர்ந்தவர் என்ற முத்திரை ஆளுக்கு இல்லை, வேலைக்கு. ஓவர்லாக்கில் கைதேர்ந்தவரும் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்தால் சில நாள் புதியவர்தான். அப்போது பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஏன் நிற்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பாரபட்சம் என்ற பேச்சு தானாகக் குறையும்.

அந்த அக்காவுக்குத் தொழில் சொல்லித்தர ஒன்றுமில்லை. திறமை உள்ளவர் சோர்ந்தால் பின்னால் ஏதோ மனக்குறை இருக்கும். கேட்காமல் மெஷினை மாற்றியிருக்கலாம், அவரைவிட இளையவரான நீங்கள் சூப்பர்வைசர் ஆனதேகூட உறுத்தலாம். கடிந்து பேசினால் அந்தக் காயம் ஆழமாகும். அடுத்த புது ஸ்டைல் வரும்போது முதல் பீஸை அவரிடம் கொடுத்து, எப்படித் தைத்தால் சுலபம் என்று கேளுங்கள். அவர் சொல்வது சரியென்றால் லைன் முழுக்க அப்படியே தைக்கட்டும்.

அதற்கும் முன்னால், நாளை டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பீஸ் கணக்கு மட்டும் பேச வேண்டாம்.