சுவர் ஓரம் கணுவா, எதிர்க்கணுவா?

நிலை அலைகள் பாடத்துக்கு நான் எப்போதும் கயிறு கொண்டு போவேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை ஆட்டுவேன். போகும் அலையும் கம்பியில் பட்டுத் திரும்பும் அலையும் மேற்பொருந்தும்போது சில இடங்கள் அசையாமல் நிற்கும், அவை கணுக்கள். அவற்றுக்கு நடுவே அதிகமாக ஆடும் இடங்கள் எதிர்க்கணுக்கள். கட்டிய முனை எப்போதும் கணுதான். கடலோரப் பிள்ளைகளாயிற்றே என்று ஒருமுறை, "துறைமுகச் சுவரில் அலை மோதித் திரும்பும்போதும் இதேதான், சுவர் ஓரம் கணு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

குளச்சலிலிருந்து வரும் மாணவன் எழுந்தான். "இல்ல சார், சுவர் பக்கத்துலதான் தண்ணி கூடுதலா ஏறி எறங்கும். அப்பா வள்ளத்த அங்க ஒட்டி விடமாட்டாங்க." வகுப்பு சிரித்தது. "பாடத்தைக் கவனி" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன்.

இரவு படம் வரைந்து பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது. கட்டிய கயிற்று முனை மேலும் கீழும் அசைய முடியாது. சுவரை ஒட்டிய நீருக்கு அந்தத் தடை இல்லை. சுவர் தடுப்பது கிடைமட்ட அசைவை மட்டுமே. வரும் முகடும் திரும்பும் முகடும் அங்கே சேர்வதால் உயரம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே நீர்மட்டத்துக்குச் சுவர் ஓரம் எதிர்க்கணு. கால் அலைநீளம் தள்ளித்தான் கணு. அங்கே மட்டம் ஏறி இறங்காது, நீர் முன்னும் பின்னும் போய்வரும். மூடிய குழாயிலும் இப்படித்தான்: மூடிய முனை காற்றின் இடப்பெயர்ச்சிக்குக் கணு, அழுத்தத்துக்கு எதிர்க்கணு. எதற்குக் கணு என்று கேட்காமல் விடுவதில்தான் குழப்பமே.

மறுநாள் 60 செ.மீ. நீள மீன்தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, தெர்மாகோல் மணிகளைத் தூவினேன். ஒரு முனையை லேசாகத் தூக்கி இறக்கினால் போதும், நீர் சுமார் ஒன்றேகால் விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும். ஓரத்து மணிகள் ஏறி இறங்கின. நடு மணிகள் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தன. "நேற்று நான் சொன்னது தப்பு" என்று சொல்லி, அவனையே விளக்கச் சொன்னேன்.

விளக்கி முடித்துவிட்டு அவன் கேட்டான்: "அப்போ தூண்டில் வளைவுக் கல்லுப் பக்கம் ஏன் சார் இவ்வளவு ஏறல?" சரிவாகக் குவித்த கற்களின் இடுக்குகளில் அலை உடைந்து ஆற்றலை இழக்கிறது; திரும்பி வரும் அலை வலுவிழந்துவிடுவதால் நிலை அலை சரியாக உருவாவதில்லை. இதை வகுப்பே பேசிக் கண்டுபிடித்தது. எனக்குப் பலகையில் எழுதும் வேலை மட்டும்தான் மிச்சம்.