சைவச் சாப்பாட்டுக்காரரா? டயட்டீஷியனிடம் போகும்போது...

"நாங்க சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டோம்!"

டயட்டீஷியன் முன்னால் உட்கார்ந்ததும் பலர் சொல்கிற முதல் வாக்கியம் இதுதான். எல்லாவற்றையும் சொல்லியாகி விட்டது என்பது போல அப்புறம் பேசாமல் இருந்துவிடுவார்கள். நீங்கள் எதைச் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, சரி. எதை, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? அது தெரிந்தால்தானே அவர் கணக்குப் போட முடியும்!

அதனால் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள். இரண்டு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'காலையில் டிபன், மத்தியானம் சாப்பாடு' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. மூன்று இட்லி, ஒரு கரண்டி சட்னி, முக்கால் டம்ளர் காபி என்று எழுத வேண்டும். காபியில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது உட்பட! நடுவில் வாயில் போட்ட இரண்டு முறுக்கு, மிஞ்சிப் போயிற்றே என்று வழித்துச் சாப்பிட்ட குழந்தையின் தட்டு எல்லாம் அதில் வரட்டும். ஏகாதசி, சஷ்டி, அமாவாசை விரதம் உண்டா, வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா, காளான் ஆகுமா... இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாசத்துக்கு எத்தனை கிலோ பருப்பு, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று மளிகை லிஸ்ட்டைப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. மனிதர்கள் மறந்துவிடுவார்கள், மளிகை லிஸ்ட் மறக்காது.

இந்த நோட்டு எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு உதாரணம் பார்ப்போம்.

55 கிலோ எடையுள்ள ஒரு குடும்பத் தலைவி. அவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். அரிசி, கோதுமையே பிரதானமான சாப்பாடு என்றால் ஒரு கிராம் வரை. (இந்த நிறுவனம் 1918-ல் நம்ம குன்னூரில்தான் ஆரம்பித்தது. 1958-ல்தான் ஹைதராபாத் போனது.) ஆக, அவருக்கு 46 முதல் 55 கிராம் வேண்டும்.

அவர் சாப்பிடுவதைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி. இட்லிக்குச் சுமார் 2 கிராம், மொத்தம் 6. காபி இரண்டு வேளையும் சேர்த்து ஒரு 5. மத்தியானச் சாதத்தில் 7 அல்லது 8. சாம்பார் இருக்கிறதே என்பீர்கள். நாலு பேர் வீட்டில் அரை ஆழாக்கு துவரம்பருப்பு போடுகிறோம். ஒருவர் பங்குக்கு 15, 20 கிராம் பருப்புதான். அதில் புரதம் 4 கிராம் தேறினால் அதிகம். பொரியல், நீர்மோர் சேர்த்து இன்னொரு 4. ராத்திரி இரண்டு தோசை, ஒரு 6. கூட்டிப் பாருங்கள், 33 வருகிறது!

வயிறு ரொம்பிவிடுகிறது, அதனால் குறை தெரிவதில்லை. "எனக்கென்ன, மூணு வேளையும் நன்னாத்தான் சாப்பிடறேன்" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. அதே நிறுவனம் 2024-ல் தந்த பரிந்துரையில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகளும், 300 மில்லி பால் அல்லது தயிரும் சொல்லியிருக்கிறது. நம் சாம்பார் எங்கே, 85 கிராம் எங்கே!

நல்ல டயட்டீஷியன் இந்த நோட்டைப் பார்த்தவுடன் உங்கள் சமையலையே மாற்றச் சொல்லமாட்டார். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி தோசைக்குப் பதில் அடை. நவராத்திரிக்கு மட்டும் செய்கிற சுண்டலைத் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம். நீர்மோருக்குப் பதில் ஒரு கப் தயிர். இப்படித்தான் ஆரம்பிப்பார். முதல் நாளே அவகேடோ, கீன்வா என்று யாராவது எழுதிக் கொடுத்தால், உங்கள் வீட்டை அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். "முட்டையாவது சாப்பிடுங்களேன்" என்பதோடு நிறுத்திக்கொள்பவரும் அப்படியே. "அது ஆகாது, வேற வழி சொல்லுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி, கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். பி12 என்ற வைட்டமின்.

இதைச் செடிகொடிகள் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. சைவர்களுக்கு இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், பனீர் வழியாக மட்டுமே. ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். 300 மில்லி பாலில் ஏறக்குறைய அதில் பாதி கிடைக்கும். இரண்டு வேளைக் காபியும் நீர்மோரும் மட்டும் என்றால் கால்வாசி தேறுவதே கஷ்டம். கீரையில் இருக்கிறது, சுருள்பாசி மாத்திரையில் இருக்கிறது என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். சுருள்பாசியில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

இது குறைந்தால் உடனே தெரியாது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருஷங்கள்கூடத் தாங்கும். அப்புறம்தான் களைப்பு, மறதி, நாக்கு எரிச்சல், பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று ஒவ்வொன்றாக வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று பாட்டியைச் சொல்லிவிடுகிறோம். கவனிக்காமல் நாளைக் கடத்தினால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் பி12 உடம்பில் சேர்வது குறையும். எனவே மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தசோகை என்று நீங்களாகவே ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. ரத்தம் தேறினாற்போல் காட்டும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

பாதம் மரத்துப்போனால் டயட்டீஷியனுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை எல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியவை.

"மாத்திரை சைவமா?" என்று ஆசாரமான வீடுகளில் சந்தேகம் வரும். நியாயமான கேள்விதான். மருந்துக்கான பி12-ஐ பாக்டீரியாவை நொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதில் மாமிசம் இல்லை. ஆனால் கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. மாத்திரையாகவே கேட்டு வாங்குங்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் உள்ள கொழுப்பிலிருந்து தயாராகிறது. அது வேண்டாம் என்பவர்களுக்கு டி2 உண்டு. சொன்னால் மாற்றி எழுதித் தருவார்கள்.

இரும்புச்சத்து விஷயத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சாப்பிடுகிறோம் என்பதுதான் தந்திரம். டிபன் முடிந்த கையோடு காபி குடித்தால், பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காய் சேர்ப்பது இதெல்லாம் இரும்பை இழுத்துக்கொடுக்கும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் (கர்ப்பிணிகளுக்கு 11) ரத்தசோகை. அப்போது சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

சரி, யாரிடம் போவது? உணவியல் படிப்பில் பட்டமோ எம்.எஸ்ஸி.யோ பெற்றவரா என்று விசாரியுங்கள். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் தேர்வில் தேறி 'ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்' ஆனவர் என்றால் மேலும் நல்லது. இந்தத் தொழிலையும் சேர்த்துத்தான் 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. இரண்டு நாள் வகுப்பு முடித்துவிட்டு 'நியூட்ரிஷன் கோச்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் வேறு ரகம். தன்னிடமே டப்பா பவுடர் வாங்கச் சொல்கிறவர், எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுக்கிறவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்... இந்த மூவரிடமிருந்தும் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் டயட்டீஷியன் உண்டு. வெளிநோயாளியாகப் போகும்போது டாக்டரிடம் கேட்டால் அனுப்பி வைப்பார்.

போகும்போது வீட்டில் சமைப்பவர் யாரோ, அவரையும் அழைத்துப் போங்கள். கணவருக்குச் சொன்ன யோசனை அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். மாமியார் சமையல் என்றால் மாமியாரும் வரட்டும். "இதை எப்படிப்பா செய்யறது?" என்று அவர் கேட்கிற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால் வீட்டில் சண்டை மிச்சம்!

ஒரு தடவை போனதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று மாசம் கழித்து அதே போல இன்னும் மூன்று நாள் கணக்கு எழுதி, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எந்த மாற்றம் நிலைத்தது, எது இரண்டே வாரத்தில் பழையபடி ஆனது என்று அவருக்கு அதில் தெரியும். பி12 மாத்திரையோ ஊசியோ ஆரம்பித்திருந்தால், எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அது தெரியாமல் ரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும்.